யூனிவர்சிட்டி வேலையும் வீட்டுக்காரர் வைத்தியமும்

நான் யூனிவர்சிட்டியில் வேலை பார்த்தவள். இதைச் சொன்னால் இன்றைக்கும் எதிரில் இருப்பவர் ஒரு தரம் என் சேலையையும் செருப்பையும் பார்ப்பார். பார்க்கட்டும். நான் பார்த்தது படித்தவர்கள் வேலை இல்லை, பெருக்கித் துடைக்கிற வேலை. ஆனால் அந்தக் கட்டடத்தின் மூன்று மாடியும் என் கைக்குள் இருந்தது. காலையில் நான் கதவைத் திறந்து விளக்கைப் போட்ட பிறகுதான் எந்தப் பெரிய படிப்பாளியும் உள்ளே நுழைவார். எழுத்து என்று பார்த்தால் ஜெபப் புத்தகத்தில் கூட்டிக் கூட்டிப் படித்ததுதான் எனக்குத் தெரியும். அதனால் இதை மெள்ளத்தான் எழுதுகிறேன். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படிக்கலாம்.

எழுபதுகளில் நான் சேர்ந்தபோது நாள் கூலி. போனால் காசு, போகாவிட்டால் இல்லை. சில வருடம் கழித்து எங்களை மாதச் சம்பளத்தில் போட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு புதுத் தொல்லை பிடித்தது. தேக்கா சந்தையில் கீரை விற்கிற அம்மாள் என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரிக்குக் கேட்கும்படி சொல்லுவாள்: "யூனிவர்சிட்டிக்காரம்மா வந்துட்டாங்க. அவங்களுக்கென்ன, லீவு, மருந்து, போனஸ், எல்லாம் வீடு தேடி வருது." சொல்லிவிட்டு எனக்கு மட்டும் கீரைக்கட்டில் விலை குறைக்க மாட்டாள். கோயில் திருநாளுக்குப் பணம் பிரிக்க வரும் சபைக்காரரும் அப்படித்தான். மாதாவுக்கு எல்லாரும் பிள்ளைகள், ஆனால் என் பெயருக்கு எதிரில் மட்டும் கொஞ்சம் கூட எழுதிவிடுவார். கேட்டால், "உங்க டிசம்பர் போனஸ் கிறிஸ்துமஸுக்குச் சரியா வந்துடுதே, சிஸ்டர்" என்பார். போனஸ் கொடுக்கிறவன் எனக்காகவா டிசம்பரில் கொடுக்கிறான்?

வெளியில் இப்படி. உள்ளே வந்தால் ஒருவருக்கும் திருப்தி கிடையாது.

பத்து மணி தேநீருக்கு நாங்கள் கீழ்மாடிப் படிக்கட்டுக்கு அடியில் உட்காருவோம். வாளியும் விளக்குமாறும் வைக்கிற இடம். நான், ஒரு சீனக்காரி, ஒரு மலாய்க்காரி, பிறகு வெளியே புல் வெட்டுகிற தமிழ் அண்ணன். எங்களுக்குள் சந்தை மலாய்தான் பாஷை. அண்ணனிடம் மட்டும் எனக்குத் தமிழ். சீனக்காரிக்குச் சம்பளத்தில் பிடிக்கிற சேமநிதி என்றாலே ஆகாது. "நான் பெருக்கினேன், என் காசு. அவன் ஏன் எடுத்து வைக்கணும்? நான் செத்த பிறகு சவப்பெட்டிக்குள்ள போடவா?" என்று மாதம் தவறாமல் சம்பளச் சீட்டு வந்த அன்றைக்குச் சொல்லுவாள். மலாய்க்காரி, "காஜி கெச்சில், வேலை பெசார்" என்பாள். சம்பளம் சின்னது, வேலை பெரியது என்று. புல் வெட்டுகிற அண்ணனுக்குத்தான் முகமெல்லாம் சிரிப்பு.

"சம்பளத்தை விடு தங்கச்சி. கிளினிக்கு இருக்கு பாரு, அதுக்கே இந்த வேலையை விடக்கூடாது. என் சம்சாரத்துக்குச் சக்கரை, பிரஷர், முழங்காலு. ஒரு காசு வாங்குறதில்ல. போன மாசம் அவளுக்குக் கண்ணுல பூ எடுத்தாங்க, அதுக்கும் ஆபீஸே பணம் கட்டிருச்சு."

"உங்க சம்சாரத்துக்கு என்ன வந்தாலும் லாபம்தான் போங்க" என்பேன். அவர் அதற்கும் சிரிப்பார். நல்ல மனிதர். அவர் வீட்டு இருமல் மருந்து அவர் குடியிருக்கிற அடுக்குமாடி புளோக் முழுவதும் போகும்.

சரி, படிக்காத கூட்டம் குறை சொல்லுகிறது, படித்தவர்கள் நிறைவாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்யாகப் போயிற்று. மூன்றாம் மாடியில் லெக்சரர்கள் காப்பி குடிக்கிற அறையை நான் துடைக்கும்போது அவர்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. பேச வராதே தவிர, இத்தனை வருடம் காது சும்மா இருக்குமா? ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு மட்டும் விமான டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று வயிற்றெரிச்சல். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கோ, கொடுத்த வீட்டில் திரைச்சீலை பழசு என்று வருத்தம். இன்னொருவர் கார் நிறுத்தக் காசு பிடிக்கப்போகிறார்கள் என்று ஒரு வாரம் சரியாகக் காப்பியே குடிக்கவில்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவேன். யாரைத்தான் கடவுள் திருப்தியாகப் படைத்தார் என்று எரிச்சலாக வரும்.

எனக்கு அப்போது சம்பளத்தைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான், பிள்ளை கிடையாது. தோ பாயோவில் ஓரறை வாடகை வீடு. என் வீட்டுக்காரர் தேக்காவில் ஒரு மளிகைக் கடையின் கிட்டங்கியில் அரிசி மூட்டை இறக்குகிறவர். கடைக்காரர் லாரி வந்த அன்றைக்குக் கூலி கொடுப்பார். லீவு, மருந்து, சேமநிதி என்கிற பேச்சே அங்கே கிடையாது. ஆனால் ஆள் கம்பீரமாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டையில் வந்தால் யாரும் மூட்டை தூக்குகிறவர் என்று சொல்ல முடியாது.

எண்பதுகளில் நடந்தது இது. ஒரு நாள் அவர் வேட்டியைக் கட்டுகிறபோது அடிவயிற்றில் துண்டை இறுக்கிச் சுற்றுவதைப் பார்த்தேன். "என்ன அது?" என்று கேட்டால், "இடுப்பு வலி" என்றார். இடுப்பு எங்கே இருக்கிறது, துண்டு எங்கே இருக்கிறது? விடாமல் பிடித்துக்கொண்டேன். கடைசியில் சிராங்கூன் ரோட்டில் ஒரு டாக்டரிடம் இழுத்துப்போனேன். குடலிறக்கம் என்றார் டாக்டர். மூட்டை தூக்கக் கூடாது, ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் குடல் மாட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் இரக்கப்பட்டு, மூட்டை தூக்க வேண்டாம், உட்கார்ந்து காவல் பாருங்கள் என்று பாதிக் கூலிக்கு வைத்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பணம்? எனக்குத்தான் யூனிவர்சிட்டி வேலை இருக்கிறதே. புல் வெட்டுகிற அண்ணன் சம்சாரத்துக்குக் கண்ணில் பூ எடுத்த இடத்தில் என் வீட்டுக்காரருக்குக் குடலை உள்ளே தள்ள மாட்டார்களா? நல்ல சேலை கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

ஆபீஸில் ஒரு தமிழ்ப் பெண் கிளார்க். நல்ல பெண்தான், மரியாதை தெரிந்தவள்.

"உங்களுக்கு எல்லாம் இருக்கு ஆண்டி. கிளினிக், வார்டு, எம்சி லீவு, எல்லாம். ஹஸ்பண்டுக்கு இல்ல லா."

"தோட்டத்து அண்ணன் சம்சாரத்துக்கு இருக்கே."

"அவரு ஆம்பள ஸ்டாஃப். ஆம்பளன்னா வைஃபுக்கும் பிள்ளைகளுக்கும் கவர் ஆகும். லேடி ஸ்டாஃப்னா அவங்களுக்கு மட்டும்தான்."

"அவரு புல்லு வெட்டுறாரு, நான் தரை துடைக்கிறேன். இதுல ஆம்பள என்ன, பொம்பள என்ன?"

"ரூல்ஸ் அப்படி ஆண்டி. ஹஸ்பண்டுதானே ஃபேமிலிய பாக்கணும்."

"எங்க வீட்டுல யாரு யாரைப் பாக்குறாங்கன்னு ரூல்ஸ் போட்டவங்க வந்து பாத்தாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். "என்கிட்ட கேட்டா எப்படி? எனக்கும் அதே ரூல்ஸ்தான். என் ஹஸ்பண்டு பேங்க்ல இருக்காரு, அவங்க ஆபீஸ் எனக்கும் சேத்துக் குடுக்குது. அதனால நான் கேட்டுக்கல."

அதாவது இருக்கிறவளுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. எழுந்திருக்கப் போனபோது அவளே மறுபடியும் கூப்பிட்டாள். என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்கும்.

"ஆண்டி, ஸ்பெஷல் கேஸ்னு மேல அனுப்பிப் பாக்கலாம். உங்க ஹஸ்பண்டு போதுமான வருமானம் இல்லாம உங்களை நம்பித்தான் இருக்காருன்னு ஒரு லெட்டர். அவர் கையெழுத்து வேணும்."

வீட்டுக்கு வந்து சோறு போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். சோறு போடுவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

"யாரை நம்பி இருக்கேன்னு எழுதணும்?" என்றார்.

"என்னை."

"உன்ன நம்பி நான் இருக்கேனா? மூட்டை தூக்கிப் பொழச்சவன்டி நான்."

"தூக்கினதுனாலதானே இறங்கிருக்கு."

"எறங்கினா எறங்கிட்டுப் போவட்டும். பொண்டாட்டி வெளக்குமாத்துல வைத்தியம் பாத்தவன்னு பேரு வாங்கணுமா? நாளைக்குக் கோயில் வாசல்ல எவனாவது கேட்டா எங்க மூஞ்சிய வச்சிக்கிறது?"

"இப்ப தட்டுல இருக்கிற சோறு எந்த வெளக்குமாத்துல வந்துச்சாம்?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். நெத்திலி வறுத்திருந்தேன். அதையும் தொடவில்லை. எனக்கு அவர் மேல் கோபமா, ரூல்ஸ் மேல் கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே அடுப்பில் எரிந்தது.

சரி, இவர் கையெழுத்துப் போட மாட்டார், சட்டத்தையே மாற்றச் சொல்லிக் கேட்போம் என்று அடுத்த யூனியன் கூட்டத்துக்குப் போனேன். கேன்டீனில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கூட்டம். என்னைப் போலப் பெருக்குகிற பெண்கள் ஒரு வரிசை முழுக்க இருந்தார்கள். யூனியன்காரர் இன்னொரு கட்டடத்தில் லேப் வேலை பார்க்கிற தமிழர், மேடைப் பேச்சுக்குப் பேர் போனவர். அவர் மழைக்கோட்டு, சோப்பு என்று வரிசையாகப் பேசிவிட்டு, "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றதும் எழுந்துவிட்டேன்.

"ஆம்பள வேலையாளுங்க சம்சாரத்துக்கு மருந்து இருக்கு. பொம்பள வேலையாளுங்க புருஷனுக்கு ஏன் இல்ல?"

யூனியன்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்ல கேள்வி அக்கா. ஆனா இந்த மாதிரி கஷ்டம் எத்தனை பேருக்கு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நாம மேனேஜ்மெண்டுகிட்ட பேச முடியும். இங்க இருக்கிற அக்காமாருங்க, உங்க வீட்டுக்காரங்களுக்கு இது தேவைப்படுதுன்னா கையைத் தூக்குங்க."

அதை மலாயிலும் சொன்னார். ஒரு கை எழும்பவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரியின் புருஷன் காலில் புண்ணோடு வருடக்கணக்காக வீட்டில் இருக்கிறவன். அவள் மேசையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். சீனக்காரியின் புருஷன் குதிரைப் பந்தயத்தைத் தவிர வேறு உத்தியோகம் அறியாதவன். அவள், "என் ஆள் பிசினஸ்" என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள். இன்னொருத்தி தன் வீட்டுக்காரர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர் என்றாள். அந்தச் சூப்பர்வைசர் தினமும் மத்தியானம் காப்பிக்கடையில் தாயம் ஆடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

யூனியன்காரர் கையை விரித்தார். "பாருங்க அக்கா, ஒரு கேஸுதான். ஒரு கேஸ வச்சி எப்படிப் பேசுறது?"

வெளியே வந்ததும் மலாய்க்காரியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் கையைத் தூக்கவில்லை என்று கேட்டேன். "மாலு" என்றாள். வெட்கம் என்று அர்த்தம். அவளுக்கு வெட்கம், சீனக்காரிக்குக் கௌரவம், என் வீட்டில் இருக்கிறவருக்குப் பேர். இத்தனை பேர் மானத்தையும் என் விளக்குமாறுதான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் கிட்டங்கியில் அவர் சுருண்டு விழுந்துவிட்டார். கடைக்காரர் ஆள் அனுப்ப, நான் பாதி வேலையில் ஓடினேன். அரிசி மூட்டை மேலேயே படுக்க வைத்திருந்தார்கள். வாந்தி எடுத்து, முகம் சாம்பலாகக் கிடந்தார். சிராங்கூன் ரோட்டு டாக்டரையே கூட்டிவந்தோம். அவர் கையால் அழுத்தி அழுத்தி எப்படியோ உள்ளே தள்ளிவிட்டார். "இந்தத் தரம் போயிடுச்சு. அடுத்த தரம் போகாது" என்றார். வீட்டுக்குத் திரும்புகிற டாக்ஸியில் நான் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, செத்துப்போனால் இந்த ஆளை எந்தச் சட்டையில் அடக்கம் பண்ணுவது என்று யோசித்தேன். அந்த அளவுக்கு ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மெடிசேவ் புதிதாக வந்தது. யூனிவர்சிட்டியில் எங்களை எல்லாம் கூப்பிட்டு, பெரிய லெக்சர் அறையில் உட்கார வைத்து விளக்கம் சொன்னார்கள். நான் தினமும் துடைக்கிற நாற்காலியில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தேன். உட்கார அவ்வளவு சுகமில்லை. ஓர் அதிகாரி வந்து மலாயிலும் தமிழிலும் சொன்னார். நம் சேமநிதியில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்குவார்கள், ஆஸ்பத்திரியில் படுத்தால் அதிலிருந்து கட்டலாம், நமக்கும் கட்டலாம், புருஷன் பெண்டாட்டிக்கும் கட்டலாம். நான் கையைத் தூக்கினேன். "புருஷனுக்கும் கட்டலாமா?" என்று கேட்டேன். "கட்டலாம் அம்மா" என்றார். லெட்டர் வேண்டாமா என்று கேட்டேன். கல்யாணச் சான்று இருந்தால் போதும் என்றார்.

படிக்கட்டுக்கு அடியில் அன்று பெரிய விவாதம். சீனக்காரி, "என் காசை எடுத்து எனக்கே கொடுத்து, நன்றி வேற சொல்லணுமா?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் சொன்னதில் எனக்குச் சரி என்று பட்டது அது ஒன்றுதான். அண்ணனோ, "பாத்தியா தங்கச்சி, கவர்மெண்டே குடுக்குது" என்றார். "எங்க குடுக்குது? என் சம்பளத்துலேர்ந்துதானே அண்ணே எடுக்குறாங்க?" என்றேன். "எப்படியோ வருதுல்ல" என்று டீயைக் குடித்தார்.

இந்த "கவர்மெண்டே குடுக்குது" கோயில் வரைக்கும் போய்விட்டது. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது, திருநாள் பணம் பிரிக்கிற அதே சபைக்காரர் என் வீட்டுக்காரரிடம், "பிரதர், இப்ப கவர்மெண்டு ஆஸ்பத்திரி செலவு குடுக்குதாமே. நீங்க ஏன் வலியோட நிக்கிறீங்க?" என்றார். நான் அவசரமாகக் குறுக்கே வாய் வைக்கவில்லை. இவர் வெள்ளைச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கவர்மெண்டு குடுத்தா வாங்கிக்கலாம். அதுல என்ன இருக்கு" என்றார்.

மறுநாளே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் என் அடையாள அட்டையைக் காட்டி, என் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. உயிர் பிழைத்தார். அதற்கு நன்றி சொல்ல மெழுகுவத்தி ஏற்றினேன். அதில் எனக்குக் குறை இல்லை.

குறை வந்தது அடுத்த நாள் சாயங்காலம். இருப்பதிலேயே மலிவான சி கிளாஸ் வார்டு, தலைக்கு மேல் விசிறி, வரிசையாகக் கட்டில்கள். சபைக்காரரும் இன்னும் மூன்று பேரும் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். இவர் தலையணையைச் சரிவாக வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"எல்லாம் கவர்மெண்டு செலவு" என்று ஆரம்பித்தார். "இந்த நாட்டுல ஒழச்சவன கைவிட மாட்டாங்க. நான் எத்தனை மூட்டை எறக்கிருப்பேன் இந்த ஊருக்கு. அதுக்குத்தான் இது."

சபைக்காரர் தலையாட்டினார். "கரெக்ட் பிரதர்."

"இவ ஆபீஸ்ல என்னமோ லெட்டர் கேட்டாங்க. நான் போடமாட்டேன்னுட்டேன். யார் தயவும் நமக்கு வேணாம்."

நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "கவர்மெண்டு ஒண்ணும் குடுக்கல. அது என் சேமநிதி. நான் பெருக்கின காசு."

சபைக்காரர் ஆரஞ்சுப் பையின் சுருக்கை அவிழ்த்து மறுபடி கட்டினார். மற்றவர்களில் ஒருவர் ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். பண்ணினார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அவங்க முன்னாடி எதுக்குச் சொன்ன?" என்றார் இவர்.

"அவங்க முன்னாடி நீங்க எதுக்கு அப்படிப் பேசுனீங்க? தெரியாட்டி என்கிட்ட கேக்க வேண்டியதுதானே."

"தெரியாதுன்னு யாரு சொன்னா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கவுண்டர்ல கையெழுத்து போட்டது நீ. பக்கத்துல நின்னது நான். எனக்கு என்ன கண்ணுலயா பூ விழுந்திருக்கு, குடலுதானே எறங்குச்சு? உங்க யூனிவர்சிட்டில நான் எழுதிக் குடுத்து கெஞ்சணும்னாங்க. இங்க ஒருத்தனும் என்ன ஒரு வார்த்தை கேக்கல. அதான் வந்து படுத்தேன். படுத்தவன நாலு பேரு முன்னாடி கொஞ்சம் பேச விட்டா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே பேசியிருக்கிறார். தெரியாமல் பேசியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஆனால் வயிற்றில் தையலோடு கிடக்கிற மனிதனை எழுப்பி நிறுத்திச் சண்டை போட முடியுமா? பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் வேறு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் மிஸ்ஸி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். இவர் அதை எட்டிப் பார்த்தார்.

"உப்பு இல்லாம இருக்கும்" என்றார்.

"இருக்கட்டும்."

"கொடு இப்படி. நீ காசு கட்டின கஞ்சி, வீணாவா போவணும்?"

ஊட்டிவிடுவேன் என்று எதிர்பார்த்து வாயைத் திறந்தார். நான் கிண்ணத்தை அவர் மடியில் வைத்து, கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன். மறுநாள் காலையில் மூன்று மாடியையும் நான்தான் திறக்க வேண்டும்.